கிளவுடை வைத்தும் தோற்கிறீர்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

நின்டெண்டோவின் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் கிளவுட் என்ற பாத்திரத்தை எடுத்து ஆடத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் புலம்புவார்கள். "அடியெல்லாம் நல்லாத்தான் விழுது, ஆனா ஆட்டம் மட்டும் போயிடுது." அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது. நீளமான வாள், நல்ல ஓட்டம், காற்றில் எளிதாகச் சுழற்றக்கூடிய தாக்குதல்கள் என்று தொடக்கநிலையில் எதிராளியைத் திணறடிக்க வேண்டிய எல்லாமே கிளவுடிடம் உண்டு. எடை 100. காற்று அடித்தால் பறந்துபோகிற ஆளும் இல்லை. பிறகு எங்கே ஓட்டை?

கிளவுட் இந்த விளையாட்டுக்கு விருந்தாளி. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7இன் நாயகன். 2015 நவம்பரில் அறிவித்து, டிசம்பரில் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான முந்தைய ஸ்மாஷுக்குக் கூடுதல் பாத்திரமாக விட்டார்கள். அல்டிமேட்டில் 2018 டிசம்பர் 7 அன்று ஆட்டம் வெளியான நாளிலிருந்தே இருக்கிறார். வரும்போது சொந்த வீட்டுச் சட்டம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார்: லிமிட். மூல விளையாட்டில் அடி வாங்க வாங்க ஒரு கேஜ் (அளவுமானி) நிறையும், நிறைந்ததும் பெரிய தாக்குதல் ஒன்று கிடைக்கும். ஸ்மாஷிலும் அதேதான். அடி வாங்கினால் ஏறும், கொடுத்தாலும் ஏறும், டவுன் ஸ்பெஷலை (ஸ்டிக்கைக் கீழே தள்ளி ஸ்பெஷல் பட்டன்) பிடித்து நின்று கையாலும் ஏற்றலாம். நிறைந்தபின் போடும் அடுத்த ஸ்பெஷல் தாக்குதல், எதுவானாலும், பலமடங்கு வலுவோடு வரும்.

என் கணக்கில் கிளவுடின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த ஒரு கேஜில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கும்.

மருந்துக்கு முன்னால் நோயைப் பாருங்கள். கடைசியாகத் தோற்ற சில ஆட்டங்களின் ரீப்ளேயைச் சேமித்து, ஒவ்வொரு ஸ்டாக்கும் (உயிரும்) எந்தப் பக்கம் போய்ச் செத்தது என்று மட்டும் கவனியுங்கள். மேடைக்கு வெளியே கீழே விழுந்தா, மேல்பக்கம் பறந்தா, ஓங்கிய அடி தவறி நின்ற இடத்திலா? பெரும்பாலோருக்கு முதல் பதில்தான் வரும். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

"வெளியே தள்ளப்பட்டால் திரும்பி வரவே முடிவதில்லை"

கிளவுடின் அப் ஸ்பெஷலின் பெயர் கிளைம்ஹசார்டு. வாளோடு மேலே எழும்புவார். லிமிட் இல்லாதபோது உயரம் சுமார், பக்கவாட்டுத் தூரம் கிட்டத்தட்ட இல்லை. அடித்து வெளியே தள்ளுவதில் கெட்டிக்காரரான இவர், தான் தள்ளப்பட்டால் திரும்பி வரத் திண்டாடுவார். பாத்திரத்தோடேயே வந்த குறை இது. அதனால் "சரியாகிவிடும்" என்று எதிர்பார்க்காமல், நம் பக்கம் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகக் களைவதுதான் வழி.

முதல் சந்தேகம் உங்கள் கட்டைவிரல். கிளைம்ஹசார்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது ஸ்பெஷல் பட்டனை இன்னொரு முறை அழுத்தினால், கிளவுட் வாளைத் தலைகீழாக ஓங்கிக்கொண்டு கீழே பாய்வார். தரைக்கு மேலே அது நல்ல அடி. மேடைக்கு வெளியே அது தற்கொலை. பதற்றத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது ஓயாமல் நடக்கும், ஆனால் "கேம் சரியா எடுக்கல" என்றுதான் தோன்றும். ரீப்ளேயில் கிளவுட் உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பிக் கீழே பாய்கிறாரா என்று பாருங்கள். பாய்ந்தால் காரணம் இதுதான். ஒருமுறை அழுத்தி விரலை எடுத்துவிடுங்கள். அல்டிமேட் நீங்கள் அழுத்துவதைச் சில ஃபிரேம்கள் (திரையில் ஓடும் தனித்தனிப் படங்கள்) வரை நினைவில் வைத்திருந்து பிறகு செயல்படுத்தும் என்பதால், முன்கூட்டியே தட்டிய தட்டும் கணக்கில் வரும்.

அடுத்தது செட்டிங்ஸ். கட்டுப்பாட்டுத் தெரிவுகளில், ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஜம்ப் ஆகும் வசதி முதலில் ஆனிலேயே இருக்கும். அப் ஸ்பெஷலுக்காக மேலே தள்ளும் அதே அசைவு உங்கள் இரண்டாவது ஜம்பைத் தின்றுவிட வாய்ப்புண்டு. எந்தப் பாத்திரத்துக்கும் இது தொல்லைதான், கிளவுடுக்கோ அந்த ஒரு ஜம்ப்தான் உயிர். அதை ஆஃப் செய்துவிட்டு, ஜம்புக்குப் பட்டனை மட்டும் நம்புங்கள். பழக ஓரிரு மாலை போகும்.

மூன்றாவது, வரிசை. வெளியே போனதும் கை தானாக ஜம்ப் பட்டனுக்குப் போகிறதா? அங்கேதான் கதை முடிகிறது. முதலில் ஸ்டிக்கை மேடைப் பக்கம் தள்ளி மிதந்து வாருங்கள். இரண்டாவது ஜம்பைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். எதிராளி உங்களைத் தடுக்க வெளியே குதிக்கிறாரா என்று பார்த்த பிறகே அதைச் செலவழியுங்கள். ஜம்ப் போய்விட்ட கிளவுடைத் தடுக்க எதிராளிக்குப் பெரிய திறமை வேண்டாம், சும்மா வழியில் நின்றாலே போதும்.

நான்காவதுதான் பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். சாதாரண கிளைம்ஹசார்டை விளிம்புக்கு மிக அருகிலிருந்து தொடங்கக்கூடாது. ஏறும்போது அது உடனே விளிம்பைப் பிடிக்காது, தலை மேடைக்கு மேலே எட்டிப்பார்க்கும். அங்கே காத்திருக்கும் எதிராளிக்கு அது இலவச அடி. பயந்து சீக்கிரம் எழும்பாமல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குங்கள். எழுச்சியின் உச்சி விளிம்போடு சேரும் உயரத்திலிருந்து தொடங்குங்கள். அந்த உயரம் கண்ணுக்குப் பழகும்வரை பயிற்சி முறையில் மேடையிலிருந்து குதித்துக் குதித்துத் திரும்பி வருவதை மட்டுமே செய்துபாருங்கள். காம்போ மனப்பாடம் செய்வதைவிட இது ஆயிரம் மடங்கு உருப்படியான வேலை.

ஐந்தாவது லிமிட். கேஜ் நிறைந்த நிலையில் கிளைம்ஹசார்டு வெகு உயரம் எழும், விளிம்பையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதாவது லிமிட் இருக்கும் கிளவுட், திரும்பி வருவதைப் பொறுத்தவரை வேறு பாத்திரம். பறந்துகொண்டிருக்கும்போதே கேஜை ஒருமுறை பாருங்கள். அடி வாங்கியே சுமார் 100% சேதத்தில் முழுக் கேஜும் நிறைந்துவிடும் என்பதால், உங்களை வெளியே தள்ளிய அந்த அடியே அதை நிறைத்திருக்கக்கூடும். கேஜ் நிறைந்திருப்பது தெரியாமல் பயந்து, காற்றிலேயே சைடு ஸ்பெஷலைப் போட்டு அதை வீணடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

இத்தனையும் செய்தும் தப்ப முடியாத தூரங்கள் உண்டு. லிமிட்டும் இல்லை, ஜம்பும் இல்லை, விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் தள்ளி இருக்கிறீர்கள் என்றால் அந்த ஸ்டாக் போனதுதான். அங்கே வரை போகாமல் இருப்பதற்கு, அடி விழும் கணத்தில் ஸ்டிக்கைச் சரியான பக்கம் பிடிக்கப் பழகுங்கள். பக்கவாட்டில் தள்ளும் அடிகளுக்கு, மேலும் மேடைப் பக்கமுமாகக் குறுக்கே பிடித்தால் பறக்கும் கோணம் மேல்நோக்கி மாறும். உயரத்திலிருந்து வரும் கிளவுடுக்கு நாலு வழி இருக்கும்.

"லிமிட் நிறைந்ததும் எதிராளி ஓடிவிடுகிறார், கடைசியில் அது தானே அணைந்துவிடுகிறது"

பழைய வீ யூ பதிப்புக்கான வழிகாட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் இது அதிகம். அதில் லிமிட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அல்டிமேட்டில் நிறைந்ததிலிருந்து 15 விநாடிதான். பயன்படுத்தாவிட்டால் போய்விடும்.

இங்கே கோளாறு என்று நீங்கள் நினைப்பது பாதி நன்மை. நல்ல எதிராளி அந்த 15 விநாடியும் பின்வாங்குவார், ஷீல்டு (தடுப்புக் கவசம்) பிடிப்பார், விளிம்புக்கே போய் ஒண்டுவார். அவர் விட்டுக்கொடுத்த இடம் முழுவதும் உங்களுடையது. அதை எடுத்துக்கொள்ளாமல் "ஐயோ போகப்போகிறதே" என்று பாய்ந்து ஒரு ஸ்பெஷலை எறிந்தால், எதிராளி எதிர்பார்த்துக் காத்திருந்ததே அதுதான். கேஜ் அணைந்து போவது நஷ்டமில்லை. தவறவிட்ட லிமிட் அடிக்குப் பிறகு வாங்கும் தண்டனைதான் நஷ்டம்.

கேஜைக் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துவது இன்னும் நல்ல பழக்கம். டவுன் ஸ்பெஷலால் ஏற்றிக்கொண்டே வந்து, நிறைவதற்குச் சற்று முன்னால் ஷீல்டை அழுத்தி நிறுத்துங்கள். 15 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை. ஆனால் இன்னும் ஓரிரு அடி விழுந்தாலோ வாங்கினாலோ நிறைந்துவிடும். வெளியே தள்ளும் அடியே உங்கள் திரும்பும் டிக்கெட்டை நிறைத்துக் கொடுக்கும். எதிராளிக்கோ எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்ற குழப்பம்.

லிமிட்டைச் சேர்த்து அடிக்க வேண்டுமென்றால் தனியாக எறியாதீர்கள். நியூட்ரல் ஏர் (ஸ்டிக்கைத் தள்ளாமல் காற்றில் போடும் அடி) பட்டபடியே தரையிறங்கி, எதிராளி இன்னும் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது லிமிட் கிராஸ் ஸ்லாஷ் (சைடு ஸ்பெஷலின் லிமிட் வடிவம்) போடுங்கள். முதல் அடி பட்டதா என்று கண்ணால் பார்த்தபின் கை போகட்டும்.

"லிமிட் என்னை அறியாமலே செலவாகிறது"

கேஜ் நிறைந்திருக்கும்போது நான்கு ஸ்பெஷலில் எதைத் தொட்டாலும் அது லிமிட் வடிவத்தில்தான் வரும். தூரத்திலிருந்து சும்மா ஒரு பிளேடு பீம் (ஸ்டிக்கைத் தள்ளாமல் போடும் ஸ்பெஷல்) விடலாம் என்று அழுத்தினாலும் கேஜ் காலி. ஷீல்டிலிருந்து வழக்கம்போல அப் ஸ்பெஷல் போட்டாலும் காலி. லிமிட் ஒளிரும் நேரம் முழுவதும் ஸ்பெஷல் பட்டனை மறந்துவிட்டுச் சாதாரணத் தாக்குதல்களை மட்டும் வைத்து ஆடுங்கள்.

லிமிட் நிறைந்ததும் அடிகள் குறி தவறுகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. அது பிரமை இல்லை. அந்த நேரத்தில் கிளவுடின் ஓட்டம், காற்றில் நகரும் வேகம், விழும் வேகம் எல்லாமே கூடும். பழகிய தூரத்திலிருந்து குதித்தால் எதிராளியைத் தாண்டிப் போய் இறங்குவீர்கள். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால் போதும்.

"ஃபினிஷிங் டச் போட்டேன், சாகவில்லை, நான்தான் செத்தேன்"

லிமிட் டவுன் ஸ்பெஷலான ஃபினிஷிங் டச் பார்க்க ராட்சசத்தனமாக இருக்கும். சுழல்காற்று, எதிராளி வானத்துக்கு. ஆனால் அது தரும் சேதம் வெறும் 1%. அதன் வேலை தள்ளுவது மட்டும். எதிராளியின் சேதச் சதவீதம் குறைவாக இருக்கும்போது, மேடையின் நடுவில் போட்டால் அவர் போய்விட்டுத் திரும்பி வருவார். உங்கள் கேஜ் மட்டும் காலி. தவறினாலோ, கிளவுட் மீண்டும் அசையும்வரை எதிராளி நிதானமாக யோசித்து ஸ்மாஷ் அடிக்க நேரம் இருக்கும்.

விளிம்புக்கு அருகில், எதிராளி ஏற்கெனவே நன்றாக அடி வாங்கியிருக்கும்போது, அவர் அசைய முடியாத ஒரு கணத்தைப் பிடித்தால் மட்டும் போடுங்கள். மற்ற நேரங்களில் லிமிட் கிராஸ் ஸ்லாஷ்தான் என் தேர்வு. சேதமும் தரும், கொல்லவும் செய்யும். ஃபினிஷிங் டச்சைப் போட்டுவிட்டுப் பார்ப்பவர்களின் கைதட்டலுக்காக ஆடுகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், தடுக்க மாட்டேன்.

"சாதாரண கிராஸ் ஸ்லாஷ் பாதியில் நின்றுவிடுகிறது"

கோளாறு இல்லை. சாதாரண வடிவத்தில் பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்தினால்தான் தொடர் முழுதாக வரும். லிமிட்டில் ஒரே அழுத்தில் எல்லாம் வரும். முதல் வெட்டு தவறிவிட்டால் தொடராமல் விட்டுவிடும் சௌகரியமும் இதில் இருக்கிறது.

"கேஜ் ஏற்றும்போதெல்லாம் அடி விழுகிறது"

எப்போது ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். கையால் முழுக் கேஜையும் ஏற்ற ஏறத்தாழ 7 விநாடி வேண்டும். ஒரே மூச்சில் அதை யாரும் தர மாட்டார்கள். துண்டு துண்டாக ஏற்றுங்கள். எதிராளி தூரமாகப் பறந்துகொண்டிருக்கும்போது கொஞ்சம், விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம், அவர் மேடைக்கு ஏறியதும் ஷீல்டால் நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.

ஒவ்வொரு முறை அடித்துத் தள்ளியதும் ஒரு கேள்வி வரும்: துரத்துவதா, ஏற்றுவதா? எதிராளி காற்றில் உங்களுக்கு மேலே, அருகில் இருந்தால் துரத்துங்கள். அப் ஏர் (காற்றில் மேல்நோக்கிப் போடும் அடி) வாளைத் தலைக்கு மேலே படுக்கவைத்தபடி நீண்ட நேரம் நீட்டி நிற்பதால், இறங்கி வருபவர்களுக்கு அது பெரும் தலைவலி. எட்டாத தூரத்தில் இருந்தால் ஏற்றுங்கள். தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டே ஆடும் சாமஸ், லிங்க் போன்றோரிடம் இதே ஏற்றல் ஒரு மிரட்டலாகவும் வேலைசெய்யும். அவர் தள்ளி நின்றால் உங்கள் கேஜ் நிறைகிறது, அதனால் அவர்தான் நெருங்கி வந்தாக வேண்டும். வந்தால் வாளின் எல்லைக்குள் வருகிறார்.

"ஷீல்டில் அடித்தால் திருப்பி அடி வாங்குகிறேன்"

கிளவுடின் வாள் நீளம், ஆனால் பிடித்துத் தூக்கி எறியும் திறன் பலவீனம். ஷீல்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எதிராளியை உடைக்க இவரிடம் நல்ல கிராப் இல்லை. எறிந்தாலும் அதிலிருந்து பெரிய தொடர் எதுவும் கிடைக்காது. அதனால் பலர் பொறுமையிழந்து ஃபார்வர்டு ஸ்மாஷை (முன்பக்கம் ஓங்கிப் போடும் பலத்த அடி) ஷீல்டின் மேலேயே ஓங்குகிறார்கள், அல்லது டவுன் டில்டில் (ஸ்டிக்கை லேசாகக் கீழே தள்ளிப் போடும் அடி) சறுக்கிக்கொண்டே எதிராளியின் மடிக்குள் போய் நிற்கிறார்கள்.

வாளின் நுனி மட்டும் ஷீல்டைத் தொடும் தூரத்தில் நியூட்ரல் ஏரோடு இறங்குங்கள், அல்லது முதுகைக் காட்டியபடி குதித்து பேக் ஏர் போட்டுவிட்டு விலகுங்கள். பேக் ஏர் கிளவுடின் மிகச் சிறந்த தாக்குதல் என்பது என் அபிப்பிராயம். வேகம், தூரம், வலு மூன்றும் அதில் இருக்கிறது. ஷீல்டைத் தொட்டுவிட்டு நில்லுங்கள், ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் எதிராளிக்கு வரட்டும். அவர் ரோல் செய்வார், குதிப்பார், அப்போது அடியுங்கள்.

உங்கள் ஷீல்டை அவர் அடித்தால் நியூட்ரல் ஏர் நல்ல பதில். அப் ஸ்பெஷலும் பதில்தான், பட்டால். தடுத்துவிட்டால் நீங்கள் காற்றிலிருந்து இறங்கும்வரை அவர் காத்திருந்து அடிப்பார்.

"துரத்திக்கொண்டு வெளியே போய் நானே விழுகிறேன்"

டவுன் ஏர் (காற்றில் கீழ்நோக்கிப் போடும் அடி) தொடக்கத்தில் பட்டால் நேராகக் கீழே அமுக்கும், ஃபார்வர்டு ஏரும் சரியான இடத்தில் பட்டால் அதையே செய்யும். அந்தக் காட்சி மனதில் ஒட்டிக்கொண்டால் எல்லாரும் வெளியே குதிக்கத் தொடங்குவார்கள். கிளவுடுக்கு ஒரு நிபந்தனை: இரண்டாவது ஜம்ப் கையில் இருக்கும்போது மட்டும், ஒரே ஒரு அடி, உடனே திரும்பு. மற்றபடி விளிம்பில் நின்று காத்திருப்பதே லாபம். உலக அளவில் கிளவுடை வைத்துப் பெயர் எடுத்த மெக்ஸிகோ வீரர் ஸ்பார்கோவின் ஆட்டங்களைப் பார்த்தால், விளிம்புக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் இடத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அந்த நிற்பிலேயே பாடம் இருக்கிறது.

"இறங்க விடமாட்டேன் என்கிறார்கள்"

டவுன் ஏரை நீட்டிக்கொண்டே நேராக எதிராளியின் தலைமேல் இறங்குவதை விட்டுவிடுங்கள். அடித்தபடியே தரையைத் தொட்டால் எழ நேரமாகும், அது எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் விலகி இறங்குங்கள், இல்லையென்றால் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"செஃபிராத்தை எதிர்த்தால் வாள் எட்டவே மாட்டேன் என்கிறது"

2020 டிசம்பரில் இன்னொரு விருந்தாளியாக வந்த செஃபிராத், கிளவுடின் பழைய பகையாளி. அவருடைய மசமுனே வாளுக்கு முன்னால் கிளவுடின் பஸ்டர் வாளே குட்டையாகத் தெரியும். தூரத்தில் நின்று வாள்வீச்சுப் போட்டி நடத்தினால் தோல்விதான். ஆனால் செஃபிராத்தின் எடை 79. இந்த விளையாட்டின் இலேசான பாத்திரங்களில் ஒருவர். அவர் நீட்டிய வாளைத் திரும்ப எடுக்கும் இடைவெளியில் ஷீல்டோடு உள்ளே புகுந்து ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வந்துவிட்டால் உங்கள் நியூட்ரல் ஏர் அவரைவிட வேகம். லிமிட் கிராஸ் ஸ்லாஷ் ஒன்று பட்டால், மற்றவர்களைவிடச் சீக்கிரமே அவர் திரையைத் தாண்டிவிடுவார்.

"நேரில் சரியாக ஆடுகிறேன், ஆன்லைனில் எல்லாம் தாமதமாகிறது"

அல்டிமேட்டின் ஆன்லைன் முறை, இணைப்பு மந்தமானால் உங்கள் பட்டனையே தாமதமாக்கும் வகை. கிளைம்ஹசார்டின் உயரத்தைக் கண்ணால் அளந்து தொடங்கும் கிளவுடுக்கு இது தனிப்பட்ட துன்பம். சுவிட்சை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள். அதற்குப் பிறகும் தாமதம் இருந்தால், ஆன்லைனில் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே எழும்பப் பழகுங்கள். பேட்சுக்காக (திருத்தப் பதிப்புக்காக) காத்திருப்பதில் பயனில்லை. 2021 டிசம்பரில் வந்த 13.0.1தான் பாத்திரங்களின் சமநிலையைத் தொட்ட கடைசிப் பதிப்பு.